நிலத்தடியில் இடமறிதல்: சுரங்க இயந்திரங்கள் திசை கற்ற வரலாறு

நிலக்கரி வெட்டும் இயந்திரத்தைத் தொலைவிலிருந்து இயக்கும் முயற்சி 1960களின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த இயந்திரம் தான் எங்கே நிற்கிறது, எத்திசையில் நகர்கிறது என்பதைத் தானே அறிந்து சொல்லும் நிலை உருவாவதற்கு மேலும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. மின்விசைகள், வால்வுகள், கம்பிவடங்கள் ஆகிய இயக்குவதற்கான சாதனங்கள் எல்லாம் முதலிலேயே கைக்கு வந்துவிட, இடமறிதல் மட்டும் பின்தங்கி நின்றது. தொழிலாளர் இயந்திரத்தின் அருகே நின்ற காலத்தில் அந்த அறிவு அவரது கண்ணிலும் காதிலும் அடங்கியிருந்தது: வெட்டுப்பற்கள் நிலக்கரியை விட்டுக் கல்லில் ஏறினால் ஓசை மாறும், தீப்பொறி தெறிக்கும், தூசியின் நிறம் வேறாகும். அவரை அங்கிருந்து அகற்றியபோது அவரோடு சேர்ந்து இந்த அறிவும் அகன்றுவிட்டது என்பதை முதல் தலைமுறைப் பொறியாளர்கள் போதிய அளவு எடைபோடவில்லை. தொலை இயக்கச் சுரங்கத்தின் வரலாற்றைக் கட்டுப்பாட்டு நுட்பத்தின் வரலாறாக எழுதுவதே வழக்கமாக இருந்தாலும், அதன் வெற்றி தோல்விகளைத் தீர்மானித்தது இடமறியும் நுட்பமே.

செயற்கைக்கோள் சமிக்ஞைகள் பாறையை ஊடுருவுவதில்லை என்பதால், மேற்பரப்பில் இன்று கைப்பேசியே செய்துவிடும் வேலை நிலத்தடியில் இயலாததாகிறது. திசைகாட்டியோ இரும்பு நெருங்கினால் பிறழும். ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா எழுதி, அவர் மறைந்த மறு ஆண்டான 1556இல் வெளிவந்த 'டி ரே மெட்டாலிகா' என்ற லத்தீன் நூலின் ஐந்தாம் பகுதி சுரங்க அளவையையும் அதற்கான திசைகாட்டியையும் விளக்குகிறது. மரத்தாங்கிகளும் கைக்கருவிகளும் மட்டுமே இருந்த அக்காலச் சுரங்கங்களில் காந்தமுள்ளை ஓரளவு நம்ப முடிந்தது. தண்டவாளமும் எஃகுத் தாங்கிகளும் உள்ளே நுழைந்த பின் அந்த நம்பிக்கை குலைந்தது. ஆகவே அளவையாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர்: மேற்பரப்பில் அளந்தறிந்த இரு புள்ளிகளிலிருந்து சுரங்கத்தின் செங்குத்துக் குழிக்குள் எடை கட்டிய இரண்டு கம்பிகளைத் தொங்கவிட்டு, அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டின் திசையை அடியில் தியோடலைட்டால் படித்து, அதிலிருந்து சுரங்க வழிகளின் திசையைக் கணித்தனர். கம்பிகளுக்கிடையே சில மீட்டர் இடைவெளியே இருக்குமாதலால், அங்கே நேரும் ஒரு மில்லிமீட்டர் பிழை ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பல சென்டிமீட்டராக விரியும். காற்றோட்டத்தில் கம்பி அசையாமலிருக்க அதன் எடையை எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தி வைப்பார்கள். அளவை முடியும்வரை குழியில் போக்குவரத்து நின்றுவிடும்.

இந்தச் சிக்கலுக்கு மாற்று கடலிலிருந்து வந்தது. வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை விடாமல் பற்றிக்கொள்ளும் என்ற இயல்பைக் கொண்டு பூமியின் சுழற்சியையே காட்ட முடியும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1852இல் மெய்ப்பித்தார்; அதற்கு அவர் பயன்படுத்திய கருவியே கைரோஸ்கோப். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஜெர்மனியின் ஹெர்மன் அன்ஷுட்ஸ் அதைக் கப்பலுக்கான திசைகாட்டியாக்கினார். பூமி மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் சுழல்வதை உணர்ந்து உண்மை வடக்கைக் கண்டுகொள்ளும் இக்கருவிக்குக் காந்தத்தோடு தொடர்பே இல்லை. அதைத் தியோடலைட்டோடு இணைத்துச் சுரங்க அளவைக்கு ஏற்றதாக்கும் பணி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிளாவுஸ்தால் சுரங்கக் கல்லூரியில் ஓட்டோ ரெலன்ஸ்மான் போன்றோரால் முன்னெடுக்கப்பட்டு, பின்னர் போஹும் (Bochum) நகரில் வளர்ந்தது. ஆயினும் அது அசையாத மேடையில், பொறுமையாக நின்று பார்க்கும் அளவையாளருக்கான கருவி. பாறையை உடைத்துக்கொண்டு அதிரும் இயந்திரத்தின் மேல் அதை ஏற்றிவைக்க அப்போது யாரும் எண்ணியிருக்க முடியாது.

இயந்திரத்துக்கு வேண்டிய இடமறிவு எத்தகையது என்று புரிந்துகொள்ள, லாங்வால் எனப்படும் நீண்ட முகப்பு முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நிலக்கரிப் படுகைக்குள் இணையாக இரண்டு நீண்ட வழிகளை வெட்டி, அவற்றின் கோடிகளைக் குறுக்கே இணைத்தால் கிடைக்கும் நிலக்கரிச் சுவரே முகப்பு. இன்று அது பெரும்பாலும் 200 முதல் 400 மீட்டர் நீளம் இருக்கும். அதன் அடியோரமாகச் சங்கிலிக் கன்வேயர் ஒன்று கிடக்கும். வெட்டுப்பற்கள் பதித்த உருளைகளைச் சுழற்றிக்கொண்டு ஷியரர் என்னும் இயந்திரம் அந்தக் கன்வேயரின் மேலேயே ஊர்ந்து, முகப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சென்று திரும்பும். கன்வேயருக்குப் பின்னால் கூரையைத் தாங்கியபடி ஹைட்ராலிக் தாங்கிகள் வரிசையாக நிற்கும். ஷியரர் கடந்ததும் ஒவ்வொரு தாங்கியின் தள்ளுதண்டும் தன் பங்குக் கன்வேயரை முன்னே தள்ளும். பிறகு தாங்கி கூரையை விட்டு இறங்கி, தன்னை முன்னே இழுத்துக்கொண்டு, மீண்டும் கூரையை முட்டி நிற்கும். பின்னால் ஆதரவிழந்த கூரை இடிந்து விழ விடப்படும்.

இந்த வேலையில் மூன்று கோணல்கள் நேரலாம். முகப்பு நேர்கோடாக இல்லாமல் வளையலாம்; வளைந்தால் கன்வேயரின் சங்கிலி இழுபட்டு அறும், தாங்கிகளுக்கு இடையே கூரை திறந்துகொள்ளும். முகப்பு முழுவதுமே ஒரு பக்கமாகச் சிறுகச் சிறுக நழுவி, ஒரு கோடியில் பக்கவழிச் சுவரை முட்டி, மறுகோடியில் இடைவெளி விடலாம். வெட்டுருளை படுகையைவிட்டு மேலேறிக் கூரைக் கல்லையோ கீழிறங்கித் தரைக் கல்லையோ அரியலாம். முதலிரண்டும் கிடைமட்டத்தில் இடமறியாத குறை, மூன்றாவது உயரத்தில் இடமறியாத குறை.

ஷியரர் உருவானது லங்காஷயரில். பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் செயின்ட் ஹெலன்ஸ் வட்டாரப் பொறுப்பிலிருந்த ஜேம்ஸ் ஆண்டர்டன் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கிய, வெட்டி ஏற்றும் இயந்திரமே இன்றைய ஷியரர்களின் முன்னோடி. அதே பத்தாண்டில் தானே நகரும் ஹைட்ராலிக் தாங்கிகளும் பரவின. வெட்டுதல், ஏற்றுதல், தாங்குதல் மூன்றுமே இயந்திரமயமான பின், இவற்றை ஒரே இடத்திலிருந்து இயக்கினால் முகப்பில் ஆளே தேவையில்லை என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. அது வெறும் இலாப நோக்கில் எழுந்த எண்ணமும் அன்று. நுரையீரலைக் கரிக்கும் தூசி, கூரைச் சரிவு, மீத்தேன் வெடிப்பு ஆகிய மூன்றும் சுரங்கத் தொழிலாளரைப் பிடிப்பது முகப்பில்தான்; அங்கிருந்து ஒருவரை விலக்கினால் ஓர் உயிர் காக்கப்படும் என்ற கணக்கு வாரியத்தின் பொறியாளர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. நாட்டிங்ஹாம்ஷயரின் நியூஸ்டெட் சுரங்கத்தில் 1960களின் தொடக்கத்தில் தொலை இயக்க லாங்வால் முகப்பு அமைந்தது. முகப்புக்கு வெளியே, பக்கவழியில் வைத்த பலகையின் முன் அமர்ந்தவர் தாங்கிகளையும் ஷியரரையும் பொத்தான்களால் இயக்கினார். ராபன்ஸ் பிரபு வாரியத் தலைவராயிருந்த அந்த ஆண்டுகளில், அதே மாவட்டத்தின் பெவர்கோட்ஸ் சுரங்கம் உலகின் முதல் முழுத் தானியங்கிச் சுரங்கம் என்று பெருமிதத்தோடு அறிவிக்கப்பட்டது.

அந்தப் பெருமிதம் நீடிக்கவில்லை. அக்கால மின்னணுக் கருவிகள் ஈரத்தையும் அதிர்வையும் தாங்காமல் பழுதானது ஒரு காரணம். நிலப்பிளவுகள் குறுக்கிட்டது இன்னொன்று. அவற்றைவிட அடிப்படையான காரணம், பலகையின் முன் அமர்ந்தவருக்கு முகப்பின் வடிவம் தெரியவில்லை என்பதே. தாங்கிகள் ஒவ்வொன்றும் தள்ளிவிட்டதாக விளக்கு எரியும். எவ்வளவு தள்ளின, அதன் விளைவாகக் கன்வேயர் நேராயிற்றா வளைந்ததா என்பதை அந்த விளக்கு சொல்லாது. தள்ளும் தொலைவில் ஒவ்வொரு முறையும் நேரும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிழை நாள் முழுதும் சேர்ந்தால் முகப்பே பாம்பாக நெளியும்.

தோல்விக்குப் பின் பிரிட்டன் உயரச் சிக்கலில் நிலைத்த பணியைச் செய்தது. டெர்பிஷயரில் பிரெட்பியில் இயங்கிய வாரியத்தின் ஆய்வு நிறுவனமும் அதனைச் சார்ந்தோரும் காமா கதிர்களைக் கொண்டு நிலக்கரியின் தடிப்பை அளக்க முனைந்தனர். முதலில் செயற்கைக் கதிர்மூலம் ஒன்றை நிலக்கரியில் படவைத்து, சிதறித் திரும்பும் கதிர்களை எண்ணினர்; உணரி தரையோடு ஒட்டியிருந்தால் மட்டுமே அது சரியாக அளந்தது, துண்டுக் கரி இடையில் புகுந்தால் தவறியது. அடுத்து வந்த முறை அழகானது: கூரையாயமையும் களிப்பாறையில் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் ஆகியவை சிறிதளவு இருப்பதால் அது இயல்பாகவே காமா கதிர்களை வெளிவிடும், கூரைக்கு அடியில் விடப்பட்ட நிலக்கரி எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கு அக்கதிர்கள் மட்டுப்படும். ஆகவே கதிர்களை எண்ணினாலே உருளை கூரைக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். எனினும் கூரை மணற்பாறையாக இருக்கும் பல சுரங்கங்களில் கதிரளவு மிகக் குறைவாதலால் இம்முறை அங்கே பயன்படவில்லை.

அமெரிக்காவில் இதே காலத்தில் விண்வெளிப் பொறியாளர்கள் சுரங்கத்துக்குள் வந்தனர். எண்ணெய் நெருக்கடி நிலக்கரியின் மதிப்பை உயர்த்திய 1970களில், அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லிலுள்ள நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம் லாங்வால் வழிகாட்டலை ஆராயும் பணியை ஏற்றது. முகப்பின் நேர்த்தன்மையை அளக்க அவர்கள் முயன்ற வழிகளுள் ஒன்று கோணம் அளக்கும் சிறுவண்டி: கன்வேயரின் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலான கோணத்தை அது வரிசையாகப் படித்துச் செல்ல, கோணங்களை எல்லாம் கூட்டினால் கன்வேயரின் முழு வளைவும் வரைபடமாகக் கிடைக்கும். ஒவ்வொரு கோணத்திலும் நேரும் சிறுபிழை அடுத்தடுத்த தட்டுகளில் திரண்டுவிடும் என்பது அதன் குறை. ஆனாலும் முகப்பின் வடிவத்தை அறியக் கன்வேயரின் வடிவத்தைப் படித்தால் போதும் என்ற அறிவு அதில் இருந்தது. பின்னாளில் வெற்றி தந்ததும் அந்த அறிவே.

அமெரிக்க நிலத்தடிச் சுரங்கங்களில் லாங்வாலைவிட அதிகமாகப் பரவியிருந்தது தொடர்வெட்டி எனப்படும் வேறொரு இயந்திரம். தூண்களை விட்டுவிட்டு இடையில் அறைகளாக வெட்டிச் செல்லும் முறைக்கு அது உரியது. அதற்கு ரேடியோ வழித் தொலை இயக்கம் வந்தபோது, தாங்கியிடப்படாத கூரையின் கீழ் இயந்திரத்தை அனுப்பிவிட்டு இயக்குநர் பாதுகாப்பான கூரையின் கீழ் நிற்க முடிந்தது. இது உண்மையான பெரும் நன்மை. ஆனால் இயந்திரத்தின் இருப்பைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டியிருந்ததால் இயக்குநர் அதன் பக்கத்திலேயே நடந்தார். இருக்கையின் காப்புக்கூட்டை இழந்து, இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே நின்றார். 1984க்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் இவ்வகை இயந்திரங்கள் நசுக்கியோ மோதியோ முப்பதுக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் இறந்தனர். மனிதர் அணியும் கருவிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான தொலைவைக் காந்தப்புலத்தால் உணர்ந்து, நெருங்கினால் இயந்திரத்தை நிறுத்தும் அமைப்பை 2015இல் அந்நாட்டுச் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகம் கட்டாயமாக்கியது. இடமறியாத தொலை இயக்கம் ஆபத்தை அகற்றாமல் இடம் மாற்றிவைக்கிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இத்துறையில் இல்லை.

அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் பிட்ஸ்பர்க் ஆய்வு மையம் தொடர்வெட்டிக்கு இடமறியும் திறன் கொடுக்கப் பல வழிகளைச் சோதித்தது. பக்கவழியில் நிறுத்திய லேசர்கள் இயந்திரத்தின் மேலுள்ள எதிரொளிப்பான்களைத் தேடிப் படிக்கும் வழி ஒன்று. தூசி எழுந்ததும் அது மங்கியது. மற்றொன்று, பீரங்கியின் குறிதிசையைக் கணிப்பதற்காக ஹனிவெல் நிறுவனம் இராணுவத்துக்குச் செய்துகொடுத்த நிலைம வழிகாட்டிக் கருவி. இதன் உள்ளுறுப்பு வளையலேசர் கைரோஸ்கோப்: மூடிய பாதையில் எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரு லேசர் கதிர்களுக்கிடையே, கருவி சுழலும்போது அதிர்வெண் வேறுபாடு தோன்றும் என்ற விளைவை அது பயன்படுத்துகிறது. பழைய கைரோஸ்கோப்பைப் போல விரைந்து சுழலும் சக்கரம் இதில் இல்லாததால் சுரங்க அதிர்வை இது தாங்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. சோதனைகளும் அதை ஆதரித்தன. ஆனால் 1996இல் அந்தப் பணியகமே மூடப்பட்டது.

இந்த இழையை முழுமைக்குக் கொண்டுசென்றது ஆஸ்திரேலியா. அங்கே திறந்தவெளிச் சுரங்கத்தின் கடைசிச் சுவரிலிருந்து பக்கவாட்டில் துளைத்துக் கரி எடுக்கும் முறையில், ஆளில்லாத தொடர்வெட்டி முந்நூறு மீட்டருக்கும் மேல் நேராக உள்ளே செல்ல வேண்டும். துளைகளுக்கு இடையே விடப்படும் மெல்லிய சுவரே மேலுள்ள பாறையைத் தாங்கும். ஒரு பாகை விலகினாலே முந்நூறு மீட்டரில் ஐந்து மீட்டர் தவறிவிடும், அதாவது பக்கத்துத் துளைக்குள்ளேயே புகுந்துவிடக்கூடும். ஆகவே பிரிஸ்பேனில் பணிபுரிந்த, சிஎஸ்ஐஆர்ஓ எனப்படும் அரசு அறிவியல் அமைப்பின் டேவிட் ஹெய்ன்ஸ்வர்த், டேவிட் ரீட் முதலானோர் 1990களில் நிலைம வழிகாட்டியை இவ்வியந்திரத்தின் மேல் பொருத்தினர். குவீன்ஸ்லாந்தின் மோரா இரண்டாம் எண் நிலத்தடிச் சுரங்கத்தில் 1994 ஆகஸ்ட் 7 அன்று நேர்ந்த வெடிப்பில் பதினொருவர் இறந்ததும், அவர்களின் உடல்களை மீட்க இயலாமலே சுரங்கம் மூடப்பட்டதும் அம்மாநிலத்தில் ஆறாத நினைவாயிருந்த காலம் அது.

2001இல் லாங்வால் முழுவதையும் தானியங்கியாக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. சுரங்க நிறுவனங்கள் உற்பத்தி செய்யும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஐந்து சென்ட் வீதம் செலுத்தும் பொது ஆய்வு நிதியிலிருந்து அதற்குப் பணம் வந்தது. அதுவரை ஆஸ்திரேலிய முகப்புகளில் நேர்த்தன்மையைச் சரிபார்த்தது கயிறு. ஷியரரை நிறுத்திவிட்டு, தாங்கிகளின் வரிசையோரமாகக் கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றுக்கும் கன்வேயருக்கும் உள்ள இடைவெளியைச் சில தாங்கிகளுக்கு ஒருமுறை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டு, எந்தத் தாங்கி அடுத்த சுற்றில் கூடுதலாகத் தள்ள வேண்டும், எது குறைக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். உற்பத்தி நின்றிருக்கும் நேரத்தில், கூரை இறங்கும் ஓசைக்கு நடுவே, குனிந்தபடி செய்ய வேண்டிய வேலை அது.

நிலைம வழிகாட்டி என்பது மூன்று கைரோஸ்கோப்புகளும் மூன்று முடுக்கமானிகளும் அடங்கிய பெட்டி. முடுக்கத்தை அளந்து, அதிலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து தொலைவையும் கணக்கிடுவது அதன் வழக்கமான வேலைமுறை. கணக்கு இருமுறை திரட்டப்படுவதால் பிழை காலத்தோடு வேகமாகப் பெருகும். விமானத்தில் மணிக்கு ஒரு கடல்மைல் பிழை ஏற்கத்தக்கது. வழியில் வேறு வழிகாட்டிகள் அதைத் திருத்திவிடும். சென்டிமீட்டர்களில் பிழைபார்க்கும் லாங்வாலுக்கு அது உதவவே உதவாது. ஆராய்ச்சியாளர்கள் இதைக் கடந்த விதத்தில்தான் இவ்வரலாற்றின் உயிர்நிலை இருக்கிறது. ஷியரர் விரும்பிய இடத்துக்கு ஓடும் வண்டி அன்று. அது கன்வேயரின் மேல் மட்டுமே ஊர முடியும், பக்கவாட்டில் நழுவ முடியாது. எனவே அது எவ்வளவு தொலைவு சென்றது என்பதை இழுவைச் சக்கரத்தின் சுற்றுகளே சொல்லிவிடும். ஒவ்வொரு நொடியிலும் எத்திசை நோக்கியிருந்தது என்பதை மட்டும் கைரோஸ்கோப்புகளிடம் கேட்டால் போதும். சென்ற திசையையும் கடந்த தொலைவையும் கொண்டு கடலில் இருப்பிடம் கணித்த பழைய மாலுமிகளின் முறைதான் இது. மேலும் ஷியரர் சென்ற தடமே கன்வேயரின் வடிவம்; கன்வேயரின் வடிவமே முகப்பின் வடிவம். ஒருமுறை கோடிக்குக் கோடி போய்வந்தால் முகப்பின் முழு வளைவும் முப்பரிமாணத்தில் பதிவாகிவிடும். அதே பாதைக்கு அருகிலேயே இயந்திரம் திரும்பத் திரும்ப வருவதால் திரளும் பிழையையும் திருத்த முடியும். கிடைத்த வளைவிலிருந்து ஒவ்வொரு தாங்கியின் தள்ளுதண்டுக்கும் தனித்தனியே திருத்தம் கணக்கிடப்பட்டு, அடுத்த சுற்றில் முகப்பு நேராக்கப்படும். கருவி பீரங்கிக்கும் விமானத்துக்கும் பிறந்ததுதான் என்றாலும், அதைச் சுரங்கத்துக்கு உரியதாக்கியது சுரங்கத்தின் சொந்த வடிவியலைக் கூர்ந்து படித்த இந்தச் சிந்தனையே. இதற்கு உரிய புகழ் கருவி செய்தவர்களைவிட இவர்களுக்கே அதிகம் சேர வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸின் ஹண்டர் பள்ளத்தாக்கில் இயங்கிய பெல்டானா சுரங்கம் போன்ற இடங்களில் சோதனைகள் நடந்தன. மீத்தேன் சூழலில் பொறி பறக்காதவாறு கனத்த எஃகுக் காப்புப்பெட்டிக்குள் கருவியை அடைக்க வேண்டியிருந்தது. தொழில்நுட்பத்தைவிடக் கடினமாயிருந்தது இன்னொன்று: ஒரே முகப்பில் ஷியரர் ஒரு நிறுவனத்துடையதாகவும் தாங்கிகளும் அவற்றின் கட்டுப்பாட்டு அமைப்பும் வேறு நிறுவனங்களுடையனவாகவும் இருந்ததால், அவை தம்முள் தரவு பரிமாறிக்கொள்ளப் பொது மொழி இல்லை. சுரங்க நிறுவனங்களின் கூட்டுக்குழு பொதுத் தரவு நெறியை வகுத்து வெளிப்படையாக வைத்ததாலும், உலகின் முன்னணித் தயாரிப்பாளர்கள் உரிமம் பெற்று அதைத் தம் இயந்திரங்களில் சேர்த்ததாலும், சில ஆண்டுகளில் ஆஸ்திரேலிய லாங்வால்களில் பெரும்பான்மையானவை இம்முறைக்கு மாறின. ஓர் ஆய்வகக் கண்டுபிடிப்பு ஒரு தொழில்துறையின் பொது வழக்கமாவதற்கு அந்த நெறி ஆற்றிய பணியைப் பெரும்பாலான வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

உலோகச் சுரங்கங்கள் வேறு பாதையில் சென்றன. அங்கே தாதுவை அள்ளிச் சென்று கொட்டும் சக்கர வண்டிகள் வழிகளில் சுதந்திரமாக ஓடுவதால், முதலில் தரையில் பதித்த கம்பி, கூரையில் வரைந்த கோடு ஆகியவற்றைப் பின்தொடரும் முறைகளும், பின்னர் சுழலும் லேசரால் சுவர்களின் வடிவத்தைப் படித்து இடமறியும் முறைகளும் வந்தன. 2000களின் நடுவிலேயே சிலியின் எல் தெனியென்டே போன்ற சுரங்கங்களில் இத்தகைய வண்டிகள் வணிக அளவில் ஓடத் தொடங்கின.

நிலக்கரிக்குத் திரும்பினால், சீனாவின் ஷான்ஷி (Shaanxi) மாகாணத்திலுள்ள ஹுவாங்லிங் முதல் எண் சுரங்கத்தில் 2014 முதல் இயக்குநர்கள் தரைக்கு மேலுள்ள அறையில் அமர்ந்தே லாங்வால் முகப்பை நடத்தி வருகின்றனர். ஆஸ்திரேலியாவிலும் அத்தகைய கட்டுப்பாட்டு அறைகள் பின்னர் அமைந்தன. ஆனால் உயரத்தில் இடமறியும் சிக்கல் கிடைமட்டத்தில் தீர்ந்த அளவுக்கு இன்னும் தீரவில்லை. நிலைம வழிகாட்டி உருளை நிற்கும் உயரத்தைச் சொல்லும். அந்த உயரத்தில் படுகை இருக்கிறதா, மேலோ கீழோ வளைந்துவிட்டதா என்பதை அதனால் சொல்ல முடியாது. நிலக்கரிச் சுவரில் குறுக்கே ஓடும் கனிமக் கீற்றுகள் வெட்டும்போது சற்று வேறான வெப்பத்தைக் காட்டுவதால், அவற்றை அகச்சிவப்புக் கேமராவால் பின்தொடரும் முறை ஒன்றைச் சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கியது. கீற்று தெளிவாக உள்ள படுகைகளில் அது நன்கு உதவுகிறது, இல்லாத இடங்களில் முந்தைய சுற்றின் உயரத்தை அப்படியே பின்பற்றிச் செல்வதே வழக்கமாயிருக்கிறது. கூரை உடைந்து முகப்பின் முன்னே குழி விழுந்தாலோ, நிலப்பிளவில் படுகை திடீரென ஓரிரு மீட்டர் ஏறி இறங்கினாலோ, இன்றும் அனுபவமுள்ள ஆட்கள் உள்ளே போய்ப் பார்த்து, தாங்கிகளைக் கையால் நகர்த்தி, வெட்டும் உயரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.